குப்பிக்கு வருமுன் எண்ணெய் எங்கே இருந்தது?

கன்னியாகுமரி மாவட்டத்தில், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், குழித்துறையை ஒட்டிய ஊர் எங்களுடையது. தண்ணீருக்கு வெள்ளம், பாட்டிலுக்குக் குப்பி, நன்றாக இருந்தால் கொள்ளாம். பேச்சில் கேரளம் எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அடுக்களையிலும் அப்படித்தான். அவியல், துவரன் என்கிற தேங்காய்ப் பொரியல், தீயல், மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு, சாளை என்கிற மத்தி மீன் கறி எல்லாம் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றே.

நான் செய்த ஒரு மடத்தனத்திலிருந்து தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன் 'பாரம்பரிய உணவு', 'முழு உணவு' என்ற பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. ரீஃபைண்ட் எண்ணெயை ஒழித்துக்கட்டினேன். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், மாதம் ஐந்து லிட்டர். அதற்கு முன் எல்லா எண்ணெயும் சேர்த்தே மூன்று லிட்டருக்கு மேல் போனதில்லை. 'செக்கு எண்ணெய்தானே, ஒன்றும் செய்யாது' என்று கை தாராளமாகிவிட்டது. பப்படம் அதில், நேந்திரங்காய் சிப்ஸ் அதில், தோசைக்குச் சுற்றிலும் அதுதான். போதாததற்கு இட்லிக்கு மேல் நெய்.

எட்டு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனைத் தாளில் எல்.டி.எல். என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறார்களே, அது. டாக்டர் சின்ன வயதுப் பெண். தாளைப் பார்த்துவிட்டு இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டார்.

"சார், மாசத்துக்கு எத்தன லிட்டர் எண்ணெய் வாங்குவீங்க?"

"அஞ்சு. ஆனா எல்லாம் செக்கு எண்ணெய்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"வீட்ல எத்தன பேரு?"

"நாலு."

அவர் செல்போனில் தட்டிக் காட்டினார். ஐந்து லிட்டர் என்றால் ஏறத்தாழ 4,600 கிராம். நாலு பேருக்கு, முப்பது நாளுக்கு வகுத்தால் தலைக்கு நாளொன்றுக்கு 38 கிராம். உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆணுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. சமையலுக்கு ஊற்றும் எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 25. கறிக்கு அரைக்கும் தேங்காய் அந்தக் கணக்கில் வராது, அது தனி.

அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக 'முழு உணவு' என்ற சொல்லை உட்கார்ந்து யோசித்தேன். அப்படியென்றால் என்ன? செக்கு எண்ணெய் முழு உணவா?

அல்ல. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முழு உணவு என்பது மரத்திலோ வயலிலோ கடலிலோ எப்படி இருந்ததோ, அதிலிருந்து பெரிதாக எதையும் பிரித்து எறியாமல் தட்டுக்கு வருவது. தேங்காய் முழு உணவு. தேங்காய் எண்ணெய் அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதி. செக்கில் பிரித்தாலும் மில்லில் பிரித்தாலும் பிரித்தது பிரித்ததுதான்.

ஒரு தேங்காயைப் பின்தொடர்ந்தால் இது விளங்கும். முற்றிய தேங்காய்ப் பருப்பு 100 கிராமில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், 33 கிராம் கொழுப்பு, 9 கிராம் நார்ச்சத்து, கொஞ்சம் புரதம். அதைக் காயவைத்துக் கொப்பரையாக்கினால் தண்ணீர் போய்க் கொழுப்பு 65 கிராம் வரை ஏறும். கொப்பரையைச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், புண்ணாக்கு ஒரு பக்கம். எண்ணெயில் கொழுப்பு 100க்கு 100. நாரும் புரதமும் எங்கே? புண்ணாக்கில். அதை மாடு தின்கிறது. தேங்காயின் பாதிச் சத்தை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் குப்பியில் அடைத்து 'பாரம்பரிய உணவு' என்று வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் எண்ணெய்க்குக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு தேங்காய் வேண்டும். மாதம் ஐந்து லிட்டர் என்றால் ஐம்பது, அறுபது தேங்காய். துருவிய தேங்காயாக என் முன்னால் வைத்திருந்தால் பாதியைக்கூடத் தின்றிருக்க மாட்டேன். மென்று விழுங்க நேரமாகும், வயிறு நிறைந்துவிடும். எண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை. முழு உணவில் அளவு பார்க்கிற வேலையை உணவே செய்துவிடுகிறது. பிரித்தெடுத்ததில் அந்த வேலை நம் தலையில் விழுகிறது.

விறகுக்கட்டும் கொழுப்பும்

கொழுப்பு என்றதும் நல்லது, கெட்டது என்று இரண்டு பெட்டி போட்டுவிடுகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்தச் சண்டை பாதி ஓய்ந்துவிடும்.

எங்கள் ஊரில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்க் குப்பி வெள்ளையாக உறைந்து நிற்கும். அம்மா அதை வெயிலில் வைப்பாள். நல்லெண்ணெய் அந்தக் குளிருக்கு உறையவே உறையாது. இரண்டும் எண்ணெய்தான், ஏன் இப்படி?

ரப்பர் விறகை அடுக்கியிருப்பவர்களுக்கு உடனே புரியும். நேரான கம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக அமரும். கோணல் கம்புகள் இடைவெளி விட்டு நிற்கும், கட்டு இறுகாது. கொழுப்பு அமிலங்களும் நீளமான சங்கிலிகள். சங்கிலி நேராக இருந்தால் அது நிறைவுற்ற கொழுப்பு. நெருங்கி அமர்வதால் எளிதில் உறையும். சங்கிலியில் ஒரு மடிப்பு இருந்தால் நிறைவுறாத கொழுப்பு. அது திரவமாகவே இருக்கும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நேர்க் கம்பு. அதனால் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிறது. நெய்யில் 60 சதவீதத்துக்கு மேல். பாமாயிலில் பாதி. நல்லெண்ணெயில் பெரும்பகுதி மடிப்புள்ள கம்பு.

நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் என்ன? கல்லீரலின் மேல்பரப்பில், இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கிற கொக்கிகள் உண்டு. நிறைவுற்ற கொழுப்பு கூடும்போது அந்தக் கொக்கிகள் குறைகின்றன. எல்.டி.எல். இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் அப்படியே போனால் இரத்தக்குழாய்ச் சுவரில் படியும். என் தாளில் விழுந்த நட்சத்திரம் அதன் அடையாளம்தான். ஒரு நாளில் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் உண்மையான வில்லன். மடிப்புள்ள கம்பைத் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ஏற்றி நிமிர்த்தினால் திரவ எண்ணெய் கட்டியாகும். வனஸ்பதி அப்படி வந்தது. 1937இல் டால்டா இந்தியச் சந்தைக்கு வந்தபின் வீட்டுக்கு வீடு அந்தப் பெயரே வனஸ்பதிக்குப் பெயராகிவிட்டது. நிமிர்த்துகிற வேலை அரைகுறையாக நடக்கும்போது சில சங்கிலிகள் இயற்கையில் அபூர்வமான கோணத்தில் திருகிக்கொள்கின்றன. அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. எல்.டி.எல்.லை ஏற்றும், நல்லது என்று சொல்லப்படும் எச்.டி.எல்.லை இறக்கும், இரண்டு வேலையும் செய்யும். 2022 ஜனவரி 1 முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் விதி வந்துவிட்டது. பேக்கரி பஃப்ஸும் பரோட்டாவும் முன்பைவிடக் கொஞ்சம் சாதுவாகியிருக்கலாம். ஆனாலும் மைதா மைதாதான்.

தேங்காய் எண்ணெய் வழக்கு

எல்லை நாட்டில் இதைப் பேசாமல் நகர முடியாது. தேங்காய் எண்ணெயைக் குறை சொன்னால் எங்கள் ஊரில் சொந்த மச்சானே பேச்சை நிறுத்திவிடுவான்.

ஆதரவாளர்கள் சொல்வது: இதில் பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், தாய்ப்பாலிலும் இருப்பது, நடுத்தர நீளச் சங்கிலி என்பதால் நேரே கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும், படியாது. முதல் பாதி உண்மை. தாய்ப்பாலில் லாரிக் அமிலம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நாற்பது வயதில் யாரும் தாய்ப்பால் குடிப்பதில்லை. இரண்டாம் பாதியில் ஒரு நழுவல். எடை குறையும், உடனே எரியும் என்று காட்டிய சோதனைகள் பெரும்பாலும் 8, 10 கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலிகளை வைத்துச் செய்தவை. லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன். அதில் பெரும்பகுதி நீளச் சங்கிலிகள் போகிற வழியிலேயே போகிறது. தேங்காய் எண்ணெயை மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் எல்.டி.எல். ஏறத்தான் செய்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் இதைத் தவிர்க்கச் சொன்னது.

எதிர்ப்பாளர்களும் முழுக்கதையைச் சொல்வதில்லை. கொச்சியில் 200 இதய நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்குத் தேங்காய் எண்ணெய், மறுபகுதிக்குச் சூரியகாந்தி எண்ணெய் என்று இரண்டு வருடம் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் வழக்கமான இதய மருந்துகளோடு இருந்தவர்கள். மருந்து சாப்பிடாதவர்களுக்கு அந்த முடிவை அப்படியே ஒட்ட முடியாது.

எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த சாட்சி பசிபிக் கடலில் இருக்கிறது. டோக்கலாவ் என்ற குட்டித் தீவுக்கூட்டத்தில் மக்கள் தங்கள் கலோரியில் பாதிக்கும் மேல் தேங்காயிலிருந்தே பெற்றுக்கொண்டிருந்தார்கள். கொலஸ்ட்ரால் அவர்களுக்குக் கூடுதல்தான். இதய நோயோ அரிதாக இருந்தது. உடனே நம் ஆட்கள் 'பார்த்தாயா!' என்பார்கள். பொறுங்கள். அவர்கள் தின்றது தேங்காய். குப்பியிலிருந்து ஊற்றிச் சிப்ஸ் வறுக்கவில்லை. கூடவே மீன், ஈரப்பலா, நாள் முழுக்க உடலுழைப்பு. சர்க்கரையும் மாவும் மிகக் குறைவு. அதே மக்கள் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தபோது தேங்காய் தின்பது குறைந்தது. எடையும் இரத்த அழுத்தமும் ஏறின.

என் தீர்ப்பு இது: தேங்காய் எண்ணெய் அமிர்தமும் இல்லை, விஷமும் இல்லை. எதோடு சேர்ந்து வருகிறது, எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதில்தான் விஷயம். கஞ்சிக்கும் பயறுக்கும் மேலே ஒரு கரண்டி வேறு, பழம்பொரி மிதக்கிற ஒரு சட்டி வேறு.

பாட்டியின் சாளை அவியல்

இப்போது அடுக்களைக்கு வருவோம். 'எண்ணெய்' என்ற சொல்லையே பாருங்கள். எள் நெய் என்பதுதான் எண்ணெய் ஆனது. எள்ளிலிருந்து எடுத்தது ஒன்றுக்குத்தான் ஒரு காலத்தில் அந்தப் பெயர். பிறகு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகி, பழையதைப் பிரித்துச் சொல்ல 'நல்ல' எண்ணெய் என்று ஒரு அடை போட வேண்டியதாயிற்று. மலையாளத்தில் தேங்காய் எண்ணெய்க்கு வெளிச்செண்ணெய் என்று பேர், விளக்கெரிக்க. தலைக்கும் விளக்குக்கும் போக மிச்சம்தான் சட்டிக்கு வந்தது. கொழுப்பு அந்தக் காலத்துச் சாப்பாட்டில் இல்லாமல் இல்லை. குப்பியில் இல்லாமல் உணவுக்குள்ளேயே இருந்தது.

பாட்டி சாளை கழுவுகிறதை நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மழைக்காலம் கழிந்து தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வரும் சாளைக்கு வயிற்றுப் பக்கம் கொழுத்திருக்கும். அதற்கு நெய்ச்சாளை என்றே பெயர். செதிலை உரசி, தலையைக் கிள்ளி, குடலை ஒரே இழுப்பில் எடுப்பாள். கழுவிய வெள்ளத்தின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும். நான் ஒரு தடவை அடுப்பில் ஏறிய சட்டியில் எண்ணெய் ஊற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"மக்ளே, அதுக்க எண்ணெய் அதுக்குள்ளயே உண்டும். நீ எதுக்கு வேற ஊத்துத?"

சாளை எண்ணெய் அந்தக் காலத்தில் வள்ளத்துப் பலகைக்குப் பூசக்கூடப் போனது, அவ்வளவு நெய் அதில். அந்த நெய்யில்தான் இன்று எல்லோரும் மாத்திரையாகத் தேடுகிற ஒமேகா 3 என்ற கொழுப்பு இருக்கிறது. இதயத்துக்கும் மூளைக்கும் வேண்டிய இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற அதன் இரண்டு வகைகளும் நேரடியாக. சைவக்காரர்களுக்கு ஆளிவிதை இருக்கிறது, ஆனால் அதில் இருப்பது வேறு வகை ஒமேகா 3. உடல் அதை இந்த இரண்டாக மாற்றிக்கொள்வது மிகக் குறைவு. சின்னச் சாளையை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். அயிலை, நெத்திலி இதே இனம் போலத்தான். விலை கூடிய நெய்மீனைவிட இவை சத்தில் ஒரு படியும் தாழ்ந்தவை அல்ல. விருந்துக்காரர்கள் முன் சாளையை வைக்க எங்கள் ஆட்கள் இன்றைக்கும் வெட்கப்படுகிறார்கள். எனக்கு அது சுத்தமாகப் புரிவதில்லை.

சாளைக்குத் துணை மரச்சீனி. இது நம் நாட்டுப் பயிரே அல்ல, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். எங்கள் பகுதியும் 1956 நவம்பர் 1 வரை அந்தச் சமஸ்தானத்தோடும் அதன் வாரிசான மாநிலத்தோடும் இருந்ததுதான். 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. அப்போது ஜனங்களின் வயிற்றைக் காப்பாற்றியது மரச்சீனி. ஆனால் அதில் வெள்ளம் போக மிச்சம் கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. புரதம் ஒரு சதவீதம் சுற்றிலும்தான். வெறும் மரச்சீனி தின்று வளரும் குழந்தை வாடிப்போகும். சாளை அந்தக் குறையை அடைத்தது. அந்தச் சேர்க்கையை யாரும் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கவில்லை, பசியும் கடலும் சேர்ந்து கொடுத்தன. மரச்சீனியை நறுக்கி நிறைய வெள்ளத்தில் வேகவைத்து அந்த வெள்ளத்தை ஊற்றிவிடுகிறோமே, அதற்கும் காரணம் உண்டு. கிழங்கில் சயனைடு தரும் பொருள் கொஞ்சம் இருக்கிறது. நறுக்குவதிலும் வேகவைத்து வடிப்பதிலும் அது பெரும்பாலும் போய்விடும்.

துவரனையும் இப்படிப் பாருங்கள். முருங்கை இலைத் துவரனில் கைப்பிடித் தேங்காய்த் துருவல் விழுவது ருசிக்கு மட்டும் அல்ல. கீரையில் இருக்கிற கரோட்டின் வைட்டமின் ஏ ஆக வேண்டுமென்றால் கூடக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைந்துதான் உடலுக்குள் ஏறும். சில கிராம் போதும். கொழுப்பே வேண்டாம் என்று கீரையை வெறுமனே அவித்துத் தின்கிறவர்கள் அதன் நல்லதில் பாதியை இழக்கிறார்கள். நாலு பேருக்கு அரை மூடித் தேங்காய் என்றால் தலைக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் கொழுப்பு, நாரோடு சேர்ந்து. அது போதும்.

அரிசியில் என்ன போயிற்று

முழு உணவு என்ற எண்ணத்துக்கு மிகப் பழைய சாட்சி கோழி. 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் வலுவிழந்து, நரம்பு கெட்டு ஆட்கள் சாகிற நோய். அவர் வளர்த்த கோழிகளுக்கும் அதே போல வந்தது, பிறகு தானாகப் போயிற்று. விசாரித்தால், கொஞ்ச நாள் பட்டாள மருத்துவமனையின் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு கோழிகளுக்குப் போயிருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர் 'பட்டாளத்துச் சோறு கோழிக்கா?' என்று நிறுத்த, தவிட்டரிசி கொடுத்திருக்கிறார்கள். கோழிகள் எழுந்துவிட்டன. தவிட்டில் இருந்தது வைட்டமின் பி1. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே பெரிபெரியை ஆராய 1918இல் நம் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார் மெக்காரிசன் என்ற மருத்துவர். அதுதான் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. கடைசியில் நின்றது சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு. பாரம்பரியம் என்றாலே உயர்வு என்று சொல்பவர்களுக்கு நான் இதை எடுத்துச் சொல்வேன், அவர்களுக்குப் பிடிக்காது.

ஒரு விஷயத்தில் எங்கள் பக்கம் தப்பித்தது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்துகிற பழக்கம். அவிக்கும்போது தவிட்டிலும் மேல்தோலிலும் இருக்கிற பி வைட்டமின்கள் அரிசியின் உள்ளே இறங்கிவிடும். பிறகு கொஞ்சம் தீட்டினாலும் முழுக்கப் போகாது. கஞ்சிக்குப் போடும் சிவப்புச் சம்பா அரிசியில் தவிடும் ஒட்டியிருக்கும். வீட்டில் ஒரு வேளைக்காவது பச்சரிசியை விட்டு அதற்கு மாறினால் வித்தியாசம் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'சிவப்பு அரிசிதானே' என்று இரண்டு மடங்கு தின்றால் நான் எண்ணெயில் செய்த மடத்தனத்தை அரிசியில் செய்கிறார்கள். கருப்பட்டிக்கும் இதுதான். நிறம் கறுப்பு, மணம் அருமை, கொஞ்சம் தாது உண்டு, மற்றபடி சர்க்கரை.

இனி என்ன செய்வது

எங்கள் வீட்டில் இப்போது மாதம் முதல் தேதி எண்ணெய் அளந்து ஒதுக்குகிறோம். நாலு பேருக்கு இரண்டரை லிட்டர். ஒன்றரை லிட்டர் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய். குப்பியில் ஒரு வாரத்துக்கு ஒரு கோடு என்று மகள் ஸ்கெட்ச் பேனாவால் போட்டிருக்கிறாள். மூன்றாம் வாரமே நாலாம் கோட்டைத் தாண்டிய மாதங்களும் உண்டு, பண்டிகை வந்தால் வேறு வழியில்லை. நெய் குழந்தைகளின் சோற்றுக்கு ஒரு கரண்டி. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் கொழுப்பைக் குறைக்கவே கூடாது. தாய்ப்பாலின் கலோரியில் ஏறத்தாழ பாதி கொழுப்புதான், அந்த வயதுக்கு அது வேண்டும்.

செக்கு எண்ணெய் வாங்குவதானால் கொப்பரையைப் பார்த்து வாங்குங்கள். பூஞ்சை பிடித்த கொப்பரையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வரலாம், அது கல்லீரலைக் கெடுக்கும். பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கந்தகப் புகை போடுகிறவர்களும் உண்டு. ஆட்டுகிறவரிடம் நேரே கேட்டுவிடுவதே வழி. செக்கு எண்ணெய் தாளிக்கவும் கறிக்கு மேலே ஊற்றவும் உகந்தது. நிறைய வறுக்க அல்ல, சீக்கிரம் புகைந்துவிடும். வறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவது எல்லாவற்றையும்விட மோசம். எந்த எண்ணெயாக இருந்தாலும் அது கெடும்.

ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். விலை பார்த்து வாங்குகிறவர்களிடம் போய்ச் செக்கு எண்ணெய்ப் பிரசங்கம் செய்வது எனக்குக் கூச்சமாக இருக்கும். அளவு குறைத்து, வறுவல் குறைத்து, ஒரு கைப்பிடி பயறும் சாளையும் கூட்டினால் பாமாயிலிலும் நல்ல சாப்பாடு வரும்.

இதய நோய்க்கோ கொலஸ்ட்ராலுக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக்கூடாது. சாப்பாடு அதற்கு மாற்று அல்ல.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்குப் பாட்டியின் சாளை அவியலைத்தான் சொல்வேன். அரைக் கிலோ சாளை. அரை மூடித் தேங்காய், மஞ்சள், வத்தல் மிளகாய், சீரகம், நாலைந்து சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) சேர்த்துக் கொரகொரவென்று அரைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டியில் அரைப்பும் ஒரு தம்ளர் வெள்ளமும் உப்பும், புளிப்புக்கு ஒரு பச்சை மாங்காய்த் துண்டுகள், கீறிய பச்சை மிளகாய், இருந்தால் ஒரு முருங்கைக்காய். கொதி வந்ததும் சாளையைப் பரப்பி வைத்து மூடுங்கள். கரண்டி போட்டுக் கிளறக்கூடாது, சாளை உடையும். சட்டியைக் காதைப் பிடித்துச் சுற்றிவிட்டால் போதும். வெள்ளம் வற்றி அரைப்பு மீனோடு ஒட்டும்போது கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி மேலே சுற்றி ஊற்றி, அடுப்பை அணைத்து மூடிவையுங்கள். அதற்குள் மரச்சீனி வெந்திருக்கும்.